நகம் காலான கதை: ‘நொகா’ என்ற மூல ஸ்லாவியச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் சில மாதங்களிலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னும் பத்துக் கேள்விகள் கிளம்பிவிடும். அவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் ‘க’ ஒன்றே பல ஒலிகளுக்கு வருவதால் ஒரு குறிப்பு: கீழே வரும் ஸ்லாவியச் சொற்களில் இரண்டு உயிர்களுக்கு நடுவே தனிக் ‘க’ வந்தால் ‘தங்கம்’ என்பதில் உள்ள ஒலி. ‘ஹ’ வந்தால் ஹ-தான்.

ரஷ்ய மொழியில் காலை ‘நகா’ என்கிறார்கள். நம் ‘நகம்’ என்ற சொல்லோடு அதற்கு உறவு உண்டா?

உண்டு. நானும் முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். ஆசிரியர் முழங்காலைத் தட்டிக்காட்டி ‘நகா’ என்றபோது என் கண் அவர் கால் விரலுக்குப் போனது. பல நாள் கழித்து ஓர் அகராதியைப் புரட்டியபோதுதான் அந்தத் தடுமாற்றத்துக்குள் ஓர் உண்மை இருப்பது தெரிந்தது.

தமிழில் ‘நகம்’ வடமொழி ‘நக’ என்பதிலிருந்து வந்த சொல் (அங்கே ‘க’ மூச்சு கலந்த வல்லொலி). அந்த வடமொழிச் சொல்லும் ரஷ்யச் சொல்லும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் (வடமொழி, லத்தீன், ஆங்கிலம், ரஷ்யம் முதலியவற்றுக்குப் பொதுவான தாய்மொழியில்) பிறந்தவை. அந்த மூலத்தின் பொருள் நகம். ரஷ்யர்கள் காலைச் சுட்டும் சொல்தான் ஒரு காலத்தில் நகத்தைக் குறித்தது.

ஆனால் ‘நகா’, ‘நகம்’ இரண்டிலும் ‘ந’வை அடுத்து அகரம் கேட்பது மட்டும் தற்செயல். ரஷ்யர்கள் அந்தச் சொல்லை ‘நொகா’ என்றுதான் எழுதுகிறார்கள். அழுத்தம் விழாத ஒகரம் அவர்கள் வாயில் அகரமாகிவிடும். ‘காலை’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்லும்போது அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடும். உடனே ‘நோகு’ என்று ஓகாரம் வெளியே வந்துவிடும்.

அப்படியானால் தமிழும் ஸ்லாவிய மொழிகளும் உறவா?

இல்லை. தமிழ் திராவிடக் குடும்பம். நகத்துக்கு நம் சொந்தச் சொல் ‘உகிர்’. புலியின் ‘வள்ளுகிர்’ என்று சங்கப் பாடல்களில் வரும் அந்தச் சொல்லுக்குக் கன்னடத்தில் ‘உகுரு’, தெலுங்கில் ‘கோரு’ என்ற உறவுகள் இன்றும் உண்டு. ‘நகம்’ வடமொழி வழியே வீட்டுக்கு வந்த விருந்தாளி. அந்த விருந்தாளிக்குத்தான் ஐரோப்பாவில் உறவினர்கள். ஒரு கடன் சொல்லை வைத்து மொழிக் குடும்பத்தை முடிவு செய்யக் கூடாது.

‘மூல ஸ்லாவியம்’ என்கிறீர்களே, அதை யார் பேசினார்கள்? எங்கே எழுதி வைத்திருக்கிறது?

எங்கும் எழுதி வைக்கவில்லை. ரஷ்யம், உக்ரைனியம், போலிஷ், செக், செர்பியம், குரோவாசியம், பல்கேரியம் முதலிய மொழிகள் பிரிவதற்கு முன்னால் இருந்த பொதுவான பேச்சுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது. கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியர்கள் கிழக்கு, மத்திய ஐரோப்பாவிலும் பால்கனிலும் பரவினார்கள். அந்தப் பரவலையொட்டிய கால மொழி என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்து வந்தது அதற்குப் பிறகுதான். சிரில், மெதோடியஸ் என்ற இரு சகோதரர்கள் 863-இல் மொராவியாவுக்கு (இன்றைய செக், ஸ்லோவாக்கிய நாடுகளின் பகுதி) போய், கிறித்தவ நூல்களை ஸ்லாவிய மொழியில் தந்தார்கள். அந்த மொழியைப் பழைய திருச்சபை ஸ்லாவியம் என்கிறோம்.

எழுத்தில் கிடைக்காமல், ஒப்பிட்டுக் கட்டிய சொல்லின் முன்னால் ஒரு விண்மீன் குறி போடுவது வழக்கம்: *நொகா. “இது எங்கள் கணக்கு, ஏட்டில் பார்த்ததல்ல” என்று அதற்குப் பொருள்.

பார்க்காத சொல்லை எப்படி நம்புவது?

அக்கம்பக்கத்து மொழிகள் சாட்சி சொல்கின்றன. ஸ்லாவிய ஒகரம் அதற்கு முந்தைய கட்டத்தில் அகரமாக இருந்தது என்று கணக்கு சொல்கிறது. அதாவது *நொகா இன்னும் பழைய காலத்தில் *நகா. சரி, ஆதாரம்? பின்லாந்துக்காரர்கள் ஸ்லாவியரிடமிருந்து மிகப் பழைய காலத்தில் வாங்கிய சொற்களைப் பாருங்கள். ஸ்லாவியத்தில் அவரைக்கு ‘பொப்’ என்ற சொல், பின்னியத்தில் ‘பப்பு’ ஆனது. ஜன்னலுக்கான ‘ஒக்னொ’, ‘அக்குனா’ ஆனது. கடன் வாங்கிய நேரத்தில் கேட்ட அகரத்தை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். கொடுத்தவர்கள்தான் பிறகு மாற்றிவிட்டார்கள்.

இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் ஒகரம், பால்டிய-ஸ்லாவியக் கட்டத்தில் (லிதுவேனியம் போன்ற பால்டிய மொழிகளும் ஸ்லாவியமும் பிரியாத காலத்தில்) அகரம், ஸ்லாவியத்தில் மறுபடி ஒகரம், ரஷ்யர் உச்சரிப்பில் மறுபடி அகரம். ஒரே உயிரெழுத்து இத்தனை முறை முகம் மாற்றியிருக்கிறது.

இன்றைய ஸ்லாவிய மொழிகளில் இந்தச் சொல் எப்படி இருக்கிறது?

போலிஷ், ஸ்லோவேனியம், குரோவாசியம், செர்பியம், மாசிடோனியம் எல்லாவற்றிலும் ‘நொகா’. செக், ஸ்லோவாக், உக்ரைனியத்தில் ‘நொஹா’. பெலாருசியர்கள் ‘நஹா’ என்பதோடு, எழுதும்போதும் அகரத்தையே எழுதிவிடுகிறார்கள். பல்கேரியத்தில் மட்டும் அன்றாடப் பேச்சில் காலுக்கு ‘க்ராக்’ என்ற வேறு சொல். ‘நொகா’ அங்கே பழைய இலக்கிய வாசனையோடு ஒதுங்கிவிட்டது. ஆனால் மலையடிவாரத்தைச் சொல்லும் ‘போத்னோஜியே’ என்ற சொல்லுக்குள் அது இன்னும் குடியிருக்கிறது.

நகம் எப்படிக் காலாக மாற முடியும்?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தின் உயிரே இந்தக் கேள்விதான்.

நகத்திலிருந்து முழுக்காலுக்கு ஒரே தாவலாகத் தாவவில்லை. நடுவில் மிருகங்கள் இருக்கின்றன. ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய உறவான லிதுவேனியத்தில் ‘நகஸ்’ என்றால் விரல் நகம், ‘நகா’ என்றால் குளம்பு. ஒரே வேர், இரண்டு வடிவம். லாத்வியத்தில் ‘நக்ஸ்’ என்ற ஒரே சொல் நகம், குளம்பு இரண்டுக்கும் வருகிறது. குதிரையின் குளம்பு என்பது உண்மையில் ஒரு பெரிய நகம்தானே!

அடுத்த படிக்குச் சாட்சி, செத்துப்போன ஒரு மொழி. இன்றைய போலந்தின் வடகிழக்கிலும் ரஷ்யாவின் கலினின்கிராடு வட்டாரத்திலும் பேசப்பட்ட பழைய புருசியம், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு மறைந்துபோனது. அதில் நமக்கு மிஞ்சியவை மிகக் குறைவு. எல்பிங் நகரில் கிடைத்த ஒரு சொற்பட்டியல் அவற்றுள் முக்கியமானது. ஜெர்மன் சொல் ஒரு பக்கம், புருசியச் சொல் மறுபக்கம் என 802 சொற்கள். சுமார் 1400-இல் எடுத்த படி அது. உடல் உறுப்புகளின் வரிசையில் ‘நகுதிஸ்’ என்பதற்கு நேராக நகம் என்றும், ‘நகெ’ என்பதற்கு நேராகப் பாதம் என்றும் இருக்கிறது. ஒரே பட்டியலில் தாயும் பிள்ளையும் போல இரண்டு சொற்களும். (பக்கத்திலிருந்த போலிஷ் மொழியின் தாக்கம் இதில் இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.)

ஆக, நகம், அப்புறம் குளம்பு, அப்புறம் மிருகத்தின் பாதம், அப்புறம் மனிதனின் பாதம், கடைசியில் இடுப்பு வரைக்கும் கால். மிருகத்தின் உறுப்புப் பெயர் மனிதனுக்கு வந்தது முதலில் கேலியாகவோ கொச்சையாகவோ இருந்திருக்கும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நாமே கோபம் வந்தால் வாயை வேறு ஏதாவது சொல்லித்தானே திட்டுகிறோம். நாள்பட்டுக் கொச்சை தேய்ந்து, பொதுச் சொல்லாகிவிடும். பிரெஞ்சில் காலைச் சொல்லும் ‘ஜாம்ப்’, பிற்கால லத்தீனில் குதிரைக் காலின் மூட்டைக் குறித்த சொல். அதே பிரெஞ்சில் தலைக்கான ‘தெத்’, லத்தீனில் மண்பாண்டம். தமிழிலும் ‘மண்டை’ என்றால் தலையும் உண்டு, பாணர்கள் பரிசிலுக்கு ஏந்திய உண்கலமும் உண்டு.

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளில் பாபா யாகா என்ற கிழவி காட்டுக்குள் குடியிருக்கும் குடிசைக்குக் கோழிக்கால்கள் இருக்கும். குழந்தைகளுக்குச் சொல்லும்போது அந்தக் கால்களை ‘நோஷ்கி’ என்பார்கள். நொகாவின் செல்ல வடிவம் அது. படப் புத்தகங்களில் அந்தக் கால்களைத் தரையில் ஊன்றிய கூரிய நகங்களோடு வரைந்திருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே இடத்தில் நிற்பதுபோல எனக்குத் தோன்றும்.

அதற்கு முன்னால் காலுக்கு வேறு சொல் இருந்திருக்குமே, அது என்ன ஆயிற்று?

இருந்தது. வடமொழியில் ‘பாத’, லத்தீனில் ‘பேஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபுட்’ என்று வரும் அதே பழஞ்சொல். ஸ்லாவியத்தில் அது உறுப்பின் பெயராக இல்லாமல் போனது, ஆனால் தடம் விட்டுப் போயிருக்கிறது. ரஷ்யத்தில் ‘நடந்து போனேன்’ என்பதற்கு ‘பெஷ்கோம்’ என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். அதற்குள் இருப்பது அந்தப் பழைய பாதம். சதுரங்கத்தில் முன்வரிசையில் நிற்கும் காய்க்கு ரஷ்யத்தில் ‘பெஷ்கா’, அதாவது நடந்து போகிற வீரன். நாம் அதைக் காலாள் என்கிறோம். ‘ரத கஜ துரக பதாதி’ என்று நாம் சொல்லும் நால்வகைப் படையில் கடைசியில் வரும் ‘பதாதி’யும் அந்த வேரில் முளைத்த வடமொழிச் சொல்தான்.

நகத்துக்கு ஸ்லாவியர்கள் இப்போது என்ன சொல்கிறார்கள்?

அதே வேரில் ஒரு விகுதி சேர்த்துக்கொண்டார்கள்: *நொகுதி. இதில் வரும் உகரமும் இகரமும் முழு ஒலிகள் அல்ல. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. குற்றியலுகரம், குற்றியலிகரம் என்று நாம் படித்தவற்றைப் போலவே மூல ஸ்லாவியத்திலும் குறுகிய உகரம் ஒன்று, குறுகிய இகரம் ஒன்று இருந்தன.

பிற்காலத்தில் இவை சில இடங்களில் மறைந்தன, சில இடங்களில் முழு உயிராயின. எங்கே எது நடக்கும் என்பதற்கு அன்டோனின் ஹாவ்லிக் என்ற செக் அறிஞர் 1889-இல் ஒரு விதி கண்டார். சொல்லின் கடைசியிலிருந்து எண்ண வேண்டும். ஒன்றாவது குற்றுயிர் மறையும், இரண்டாவது நிலைக்கும், மூன்றாவது மறையும். *நொகுதி என்பதைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். இகரம் ஒன்று, மறைகிறது. உகரம் இரண்டு, முழு உயிராகிறது. ரஷ்யத்தில் ‘நோகத்’ (எழுத்தில் ‘நோகொத்’), செக்கில் ‘நெஹெத்’. ‘நகத்தினுடைய’ என்று சொல்ல வேற்றுமை உருபு சேர்த்தால் கடைசி இகரத்தின் இடத்தில் முழு உயிர் வந்துவிடும். இப்போது உகரம்தான் ஒன்றாவது, எனவே அது மறைய வேண்டும். ரஷ்யத்தில் ‘நோக்த்யா’. உகரம் போயே போய்விட்டது! குரோவாசியத்தில் ‘நொகத்’ என்று வர வேண்டியது, வல்லொலி ‘க’வோடு ‘நொக்கட்’ என்று வருவதற்கும் இதுதான் காரணம். ‘நொக்தா’ என்ற வேற்றுமை வடிவத்தில் உயிர் மறைந்து, ககரம் தகரத்தின் பக்கத்தில் போய் நின்று வல்லொலியாகிவிட்டது. அந்த ஒலி முதல் வேற்றுமைக்கும் தொற்றிக்கொண்டது.

காலெண்டுலா என்ற மஞ்சள் பூச்செடியின் விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டிப்போட்ட நகத்துண்டு போல வளைந்திருக்கும். அதனால் ரஷ்யர்கள் அந்தச் செடியை ‘நகத்கி’, சின்ன நகங்கள், என்கிறார்கள்.

ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே வேர் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. நொகாவுக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் இரண்டு சொற்களையே இதற்குப் பாடமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஸ்லாவிய *நாகு. பொருள்: ஆடையில்லாத. ரஷ்யத்தில் ‘நகோய்’. பார்த்தால் நொகாவின் தம்பி போல இருக்கிறது. ஆனால் அது வேறு குடும்பம். வெர்னர் வின்டர் என்ற ஜெர்மானிய மொழியியலாளர் 1970-களில் ஒரு விதியை முன்வைத்தார். இந்தோ-ஐரோப்பிய மூலத்தில் குறில் உயிருக்குப் பின்னால் ‘தங்கம்’, ‘பந்தம்’ என்பவற்றில் உள்ள ‘க’, ‘த’ போன்ற மூச்சு கலக்காத ஒலி வந்தால், பால்டிய-ஸ்லாவியத்தில் அந்த உயிர் நீளும். மூச்சு கலந்த ஒலி வந்தால் நீளாது. ‘ஆடையில்லாத’ என்ற சொல்லில் மூச்சு கலக்காத ஒலி, எனவே உயிர் நீண்டு *நாகு. ‘நகம்’ என்ற சொல்லில் மூச்சு கலந்த ஒலி, எனவே உயிர் குறுகியே நின்று *நொகா. லிதுவேனியத்திலும் அதே பிரிவு: ‘நுவோகஸ்’ ஆடையில்லாதவன், ‘நகஸ்’ நகம். ஜெர்மனில் வேறு விதமாகப் பிரிகிறது: நகம் ‘நாகல்’, ஆடையில்லாத ‘நக்ட்’.

இந்த இரண்டாவது சொல்லும் தமிழுக்கு வந்திருக்கிறது. வடமொழி ‘நக்ன’, பிராகிருதத்தில் ‘நக்க’ ஆகி, தமிழில் ‘நக்கன்’ ஆனது. ஆடையில்லாதவன், அதனால் சிவன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான பெண்களின்) பெயர்களைக் கல்வெட்டில் படித்துக்கொண்டு போனால் ‘நக்கன்’ என்ற அடைமொழி வரிசையாக வரும். ரஷ்யத்தில் ‘நகா’வும் ‘நகோய்’யும் எப்படி வெவ்வேறு வேர்களோ, அப்படியே தமிழில் நகமும் நக்கனும். இரு நாட்டிலும் அதே இரண்டு பழைய வேர்கள் கிட்டத்தட்ட ஒரே ஒலியோடு வந்து நிற்கின்றன. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டாவது சொல்?

கத்தி. ரஷ்யத்தில் ‘நோஷ்’. செல்லக் காலான ‘நோஷ்கா’வில் கத்தி ஒளிந்திருப்பதுபோலக் கேட்கும். ஆனால் காலின் ‘ஷ’ ககரம் திரிந்து வந்தது. கத்தியின் ‘ஷ’, ‘குத்து, துளை’ என்ற பொருள்கொண்ட வேறொரு வேரின் ‘ஸ’ போன்ற ஒலி திரிந்து வந்தது. விரலில் ஏறும் சிராய்க்கு ரஷ்யத்தில் ‘ஸனோஸா’ என்பார்கள். கத்தியின் சொந்தக்காரர் அதுதான்.

ரஷ்யர்கள் காலையும் பாதத்தையும் பிரித்துச் சொல்வதில்லையா?

தேவைப்பட்டால் பாதத்துக்கு ‘ஸ்துப்ன்யா’ உண்டு. சாதாரணமாக எல்லாம் ‘நகா’தான். தமிழர்களுக்கு இது இடைஞ்சலே இல்லை. நமக்கும் கால் என்றால் இடுப்பிலிருந்து விரல் வரை. காலில் முள் குத்தியது என்போம், கால் உடைந்தது என்போம். நாற்காலிக்குக் கால் இருப்பதுபோல அங்கே மேசைக்கும் காளானுக்கும் ‘நோஷ்கா’ உண்டு. எட்டுக்கால் கடலுயிர் ‘அஸ்மினோக்’. பூரானுக்கு ‘நாற்பது கால்’ என்று பொருள்படும் ‘ஸரக்கனோஷ்கா’. குரோவாசியர்கள் கால்பந்தை ‘நொகொமெட்’ என்கிறார்கள், போலந்துக்காரர்கள் ‘பீவ்கா நோஷ்னா’ என்கிறார்கள். இரண்டிலும் நம் பழைய நகம் பந்தை உதைக்கிறது.

இருமை எண் என்று ஒன்று இருந்ததாமே?

ஆமாம். ஒருமை, பன்மை தவிர இரண்டைக் குறிக்கத் தனி உருபு மூல ஸ்லாவியத்தில் இருந்தது. கால்கள் இரண்டு என்பதால் அது இங்கே அதிகம் புழங்கியது. “உம் வாக்கு என் கால்களுக்கு விளக்கு” என்ற பொருளில் வரும் விவிலியச் சங்கீத வரி, திருச்சபை ஸ்லாவியத்தில் ‘நொகாமா’ என்ற இருமை வடிவத்தோடு இருக்கிறது. செக் மொழி இருமையை எப்போதோ கைவிட்டது. ஆனால் ‘கால்களால்’ என்று சொல்ல இன்றும் ‘நொஹாமா’தான். அந்த ‘-மா’ பழைய இருமையின் மிச்சம். ஸ்லோவேனியத்தில் இதற்கு நேர்மாறு. அங்கே இருமை இன்றும் உயிரோடு புழங்குகிறது, இருந்தும் கால், கை, கண் போன்ற இயற்கை இணைகளுக்குப் பன்மையையே போடுகிறார்கள். இரண்டு என்று தெரிந்ததற்கு உருபு எதற்கு என்ற எண்ணம் போலும்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா, இன்னும் முடிச்சு ஏதாவது உண்டா?

உண்டு, அதுவும் நம் பக்கத்து முடிச்சு. ஸ்லாவியமும் லிதுவேனியமும் ஜெர்மனும் காட்டும் கணக்குப்படி வடமொழியில் ‘மேகம்’ என்ற சொல்லின் மூலத்தில் உள்ள ‘க’ போன்ற ஒலி, அதாவது வடமொழியின் நான்கு ககரங்களில் நான்காவது (gh), வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ ‘முகம்’ என்பதன் மூலத்தில் உள்ள இரண்டாம் ககரம் (kh). ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இல்லை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒரே ‘க’ என்பதால் நமக்கு அந்த வித்தியாசம் தெரிவதே இல்லை.

இதையெல்லாம் யார் உட்கார்ந்து தொகுத்தார்கள்?

பலர். ஒருவரை மட்டும் சொல்கிறேன். மாக்ஸ் ஃபாஸ்மர், 1886-இல் பீட்டர்ஸ்பர்க்கில் ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர், பெர்லினில் பேராசிரியர். ரஷ்யச் சொற்களின் பிறப்பைத் தேடி ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்து வந்தார். 1944 ஜனவரியில் பெர்லின் மீது விழுந்த குண்டில் அவருடைய நூலகமும் குறிப்புகளில் பெரும்பகுதியும் எரிந்துபோயின. மீதமிருந்ததை வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அகராதி 1950-க்கும் 1958-க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அதில் ‘நகா’ என்ற சொல்லுக்கான பத்தி மிகச் சிறியது. லிதுவேனியக் குளம்பும் வடமொழி நகமும் அந்தப் பத்திக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.